எதை வெச்சு அப்படிச் சொல்றே?

நான் தொடக்கப் பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவள். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள். முதன்முதலாக வகுப்புக்கு ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு போன நாளில் முழுக்க நான்தான் பேசினேன்.

ஹொக்குசாயின் பேரலை ஓவியம் அது. பெரிய நீல அலை ஒன்று, நுனியெல்லாம் விரல் விரலாக நுரை பிரிந்து, கவிழப் பார்க்கிறது. அடியில் மூன்று படகுகள். எங்கோ தூரத்தில் குட்டியாக ஃபூஜி மலை. 1831ஆம் ஆண்டு வாக்கில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஜப்பானியப் படம், அந்த மலையைப் பல இடங்களிலிருந்து காட்டும் படவரிசையில் ஒன்று என்றெல்லாம் விளக்கினேன். அப்புறம் கேள்விகள். "இது என்ன நிறம்?" "நீலம்." "எத்தனை படகு?" "மூணு." "அலை பெரிசா, சின்னதா?" "பெரிசு." வகுப்பு நன்றாக நடந்தது என்றுதான் நினைத்தேன். எல்லாரும் பதில் சொன்னார்களே.

மணி அடித்து எல்லாரும் கிளம்பும்போது ஒரு சிறுமி மட்டும் படத்தின் முன்னால் நின்றாள். "டீச்சர், அந்த மலையும் ஒரு அலையா?" என்றாள். "இல்லம்மா, அது மலை" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படத்தை மறுபடி விரித்தேன். மலையின் உச்சியில் வெள்ளை, அலையின் நுனியிலும் வெள்ளை. இரண்டுக்கும் நீல உடம்பு. முன்னால் எழும் சின்ன அலை அப்படியே அந்த மலையின் வடிவத்தில் இருக்கிறது. அவள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. "எதைப் பார்த்தும்மா அப்படித் தோணிச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தனையும் சொல்லியிருப்பாள். சொல்வதற்கு வேண்டிய சொற்களையும் தேடியிருப்பாள். அன்றைக்கு அந்த வகுப்பில் பிறந்த ஒரே சொந்த எண்ணம் அவளுடையது. அதை நான் மூன்று சொற்களில் மூடிவிட்டேன்.

அதற்கப்புறம் ஆறு வருடமாக வாரம் ஒரு நாள், ஒரே ஒரு படம், அரை மணி நேரம் என்று குழந்தைகளோடு உட்கார்ந்து வருகிறேன். மொழி வளர்வதற்கும் யோசனை வளர்வதற்கும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் சரியான பதில் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும். படத்தில் அப்படி ஒன்று இல்லை. எழுதப் படிக்கத் திணறும் குழந்தைக்கும் நன்றாகப் படிக்கும் குழந்தைக்கும் கண் ஒன்றுதான்.

நான் பின்பற்றும் முறை என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், மனிதர்கள் ஓவியத்தின் முன்னால் நின்று எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. சாரம் மூன்று கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? ஓவியப் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் படத்தை ஒரு கதையாகத்தான் பார்ப்பார்கள் என்பது ஹவுசனின் முடிவு. அதனால் கேள்வியும் கதையிலிருந்தே தொடங்குகிறது. ஓவியர் யார், எந்தக் காலம், என்ன பாணி என்பதெல்லாம் தொடக்கத்தில் வராது.

மூன்று கேள்விகளைத் தமிழில் கேட்கப் பழகுவதற்கே எனக்குச் சில மாதங்கள் ஆயின. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதலில் நான் "படத்துல என்ன தெரியுது?" என்றுதான் கேட்டேன். நமக்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் 'தெரியும்' என்ற சொல் தமிழில் கண்ணுக்கும் பொது, அறிவுக்கும் பொது. வகுப்பறையில் டீச்சர் "தெரியுதா?" என்றால் அது பரீட்சை. குழந்தைகள் உஷாராகிவிடுகிறார்கள். பாதுகாப்பான பதில் ஒன்றைத்தான் தருகிறார்கள்: மரம், வீடு, மாடு, மேகம். பெயர்ச்சொல் பட்டியல். "என்ன நடக்குது?" என்று மாற்றினேன். அன்றே பதில்களில் வினைச்சொல் வந்துவிட்டது. 'நடக்குது' என்று கேட்டால் யாரோ ஏதோ செய்தாக வேண்டும். வீட்டுக்கு ஓடுகிறான், மாடு திரும்பிப் பார்க்கிறது, மேகம் திரண்டு வருகிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றியதற்குக் கிடைத்த பலன்.

இரண்டாம் கேள்வி இன்னும் சிக்கல். "எதை வெச்சு அப்படிச் சொல்றே?" என்பது நம் பேச்சில் பெரும்பாலும் சண்டையில் வரும் வாக்கியம். "ஏன் அப்படிச் சொன்னே?" என்பதும் அதே ரகம். குற்றம் சாட்டுகிற தொனி. முதல் முறை நான் அப்படிக் கேட்டபோது ஒரு பையன் முகம் சுருங்கி "இல்ல டீச்சர், தப்பாச் சொல்லிட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து "படத்துல எதைப் பார்த்தப்போ உனக்கு அப்படித் தோணிச்சு?" என்று கேட்கிறேன். 'படத்துல' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குழந்தையின் கண் என் முகத்தைவிட்டுப் படத்துக்குப் போய்விடும். 'தோணிச்சு' என்று முடித்தால் நான் அவனைச் சந்தேகப்படவில்லை என்று புரியும். இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு "எதை வெச்சு?" என்று சுருக்கமாகக் கேட்டாலும் யாருக்கும் சுருக்கென்று படுவதில்லை. இப்போது அவர்களே ஒருவரை ஒருவர் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் கேள்வி என்ன செய்கிறது என்று எனக்கு முதலில் காட்டிய படம் ஆன்றி ரூசோ 1891இல் வரைந்த புலி. அடர்ந்த காடு, சாய்ந்தடிக்கும் மழை, வானத்தில் மின்னல், இலைகளுக்கு நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு பதுங்கியிருக்கும் ஒரு புலி. 

"புலி வேட்டையாடுது" என்றான் ஒருவன், உடனே.

"படத்துல எதைப் பார்த்தப்போ அப்படித் தோணிச்சு?"

"குனிஞ்சிருக்கு. பாயப் போகுது. பல்லு தெரியுது."

"எதை வேட்டையாடுது? மானே காணோமே" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லாரும் மானைத் தேடினார்கள். இல்லை.

"படத்துக்கு வெளியே இருக்கும்."

"இல்ல, அது பயந்துபோயிருக்கு. கண்ணைப் பாருங்க. உருண்டையா வெளியே வந்திருக்கு. கோவமா இருந்தா கண்ணு சின்னதாகும்." இதைச் சொன்னவள் தன் முகத்திலேயே இரண்டையும் செய்து காட்டினாள்.

"எதுக்குப் பயப்படணும்? புலிக்கு யாரு பயம்?"

"மின்னல்!"

அப்புறம் அரை மணி நேரம் நான் செய்ததெல்லாம் படத்தில் அவர்கள் சொல்லும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டியதுதான். இரை பிடிக்கும் புலி என்று ஒரு கட்சி, இடிக்குப் பயந்த புலி என்று ஒரு கட்சி. மூன்றாவதாக ஒரு சிறுவன் "ரெண்டுமே இருக்கலாம். வேட்டையாட வந்துச்சு, அப்போ மின்னல் வந்துடுச்சு" என்றான். முதல் நாள் "நீலம்", "மூணு" என்று பேசிய அதே குழந்தைகள். எதிர்க்கருத்து, சான்று, சமாதானம் எல்லாவற்றையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஓவியம் முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அதன் தலைப்பு 'அதிர்ச்சி!' என்ற பொருளில்தான் இருந்தது. யாருக்கு அதிர்ச்சி என்று தலைப்பு சொல்லவில்லை. இதை அடுத்த வாரம் குழந்தைகளிடம் சொன்னேன். இரண்டு கட்சியும் தங்களுக்குத்தான் வெற்றி என்றார்கள். ரூசோ காட்டையே நேரில் பார்த்ததில்லை, பிரான்ஸை விட்டு வெளியே போனதில்லை, பாரிஸ் தாவரவியல் தோட்டத்தின் செடிகளைப் பார்த்துத்தான் தன் காடுகளை வரைந்தார் என்றதும் ஒரு குழந்தை மெல்ல, "அதான் இலையெல்லாம் தொட்டிச் செடி மாதிரி இருக்கு" என்றது. ஓவியரைப் பற்றிய தகவலை எப்போது தர வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பேசி முடித்த பிறகு தந்தால் குழந்தை அதைத் தன் எண்ணத்தோடு கோத்துக்கொள்கிறது. முன்னாலேயே தந்தால் வாயை மூடிக்கொள்கிறது.

காத்திருப்பது பற்றி. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறை உரையாடல்களை ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சுமார் 1 விநாடிதான் என்று கண்டார். அதை 3 விநாடியாகக் கூட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத குழந்தைகளும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. படித்தபோது 3 விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. செய்து பார்த்தால்தான் தெரியும், அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அதைவிட முக்கியமாக, குழந்தை ஒரு வரி சொல்லி நிறுத்திய பிறகும் எண்ணுவேன். முதல் வரி பெரும்பாலும் எல்லாருக்கும் தோன்றுவது. கொஞ்சம் இடைவெளி விட்டு "...அப்புறம்..." என்று இழுத்துக்கொண்டு வரும் இரண்டாவது வரிதான் அந்தக் குழந்தையுடையது.

பார்ப்பதற்கும் நேரம் தர வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு படைப்பின் முன் அவர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி என்கிறது. பெரியவர்கள் கதையே அதுதான். நான் படத்தை மாட்டியதும் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, கை தூக்கவும் கூடாது. ஒரு நிமிடம் கழித்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு படத்தை மனதில் பார்க்கச் சொல்வேன். பிறகு திறந்தால் "ஐயோ, அதை விட்டுட்டேனே" என்ற சத்தம் கேட்கும். அதற்காகவே இதைச் செய்கிறேன்.

மொழி வளர்ச்சியின் பெரும்பகுதி நடப்பது நான் அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் இடத்தில். பேரலை ஓவியத்தை இரண்டாம் வருடம் மறுபடி எடுத்துப் போனேன். ஒரு பையன் "அந்த ஆளுங்க இப்பிடி... இப்பிடி இருக்காங்கல்ல" என்று முதுகைக் கூனிக் காட்டினான். "படகுல இருக்கறவங்க முதுகை வளைச்சுத் தலையைக் கவுத்துக்கிட்டு துடுப்பை இறுக்கிப் பிடிச்சிருக்காங்கன்னு சொல்றியா?" என்றேன். "ஆமா, துடுப்பை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. விட்டா அலை இழுத்துட்டுப் போயிடும்" என்று அவனே அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு மேலே போனான். அவனைத் திருத்தவில்லை. "இப்படிச் சொல்லக் கூடாது, அப்படிச் சொல்" என்றும் சொல்லவில்லை. அவன் எண்ணத்துக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், அளவு சரியாக இருந்ததால் போட்டுக்கொண்டான். "சொல்றியா?" என்று கேள்வியாக முடிப்பது அவசியம். "இல்ல டீச்சர், நான் சொன்னது வேற" என்று மறுக்கும் உரிமை அவனுக்கு இருக்க வேண்டும். மறுத்துவிட்டு மறுபடி விளக்கும்போது வரும் வாக்கியம் முதலில் சொன்னதைவிட எப்போதும் தெளிவாக இருக்கும்.

நம் குழந்தைகளுக்குப் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. எழுத்துத் தமிழில் பேசு என்றால் வாயடைத்துப் போகிறார்கள். அதனால் படத்தின் முன் எல்லாரும் வீட்டுப் பேச்சில்தான் பேசுவோம். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் அன்று வந்த நல்ல வாக்கியங்களில் மூன்றைப் பொறுக்கி, கரும்பலகையில் எழுத்துத் தமிழில் எழுதுவேன், சொன்னவர் பெயரோடு. "பிடிச்சிருக்காங்க" என்பது "பிடித்திருக்கிறார்கள்" ஆவதைத் தன் வாக்கியத்திலேயே பார்க்கும் குழந்தைக்கு இலக்கணப் பாடம் தனியாகத் தேவைப்படுவதில்லை. தனியாகவும் நடத்துகிறேன்தான். ஆனால் இதில் பதிவது அதில் பதிவதில்லை.

சொற்களை நான் முன்கூட்டியே கொடுப்பதில்லை. தேவை வரும்வரை காத்திருப்பேன். "தலையை மேல தூக்கிப் பார்க்குறான்ல, அதுக்கு என்ன சொல்லணும்?" என்று ஒருத்தி கேட்டபோது "அண்ணாந்து பார்க்கிறான்" என்று கொடுத்தேன். அந்த வாரமே வகுப்பு முழுக்க எதையும் எல்லாரும் அண்ணாந்துதான் பார்த்தார்கள். அப்படியே ஒரு வருடத்தில் முறைக்கிறான், வெறிக்கிறான், உற்றுப் பார்க்கிறான், எட்டிப் பார்க்கிறான், ஓரக்கண்ணால் பார்க்கிறான் என்று 'பார்க்கிறான்' ஒன்றே பத்தாகப் பெருகியது. வகுப்புச் சுவரில் அதற்கென்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வான்கோ 1890இல் வரைந்த ஒரு முதியவர் படம் உண்டு. நீல உடை, நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி முகத்தை மூடியிருக்கிறார். பக்கத்தில் கணப்பில் நெருப்பு எரிகிறது. முகம் தெரியாது. 

"தாத்தா அழுகிறார்" என்றாள் ஒருத்தி. "கண்ணீர் தெரியலையே" என்றான் இன்னொருவன். அவள் கொஞ்சம் யோசித்து, "அழுகிறார் போல" என்றாள். "இல்ல, அழுதிருப்பார். இப்போ முடிச்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கார்" என்றாள் வேறொருத்தி. "தலைவலியா இருக்கலாம்." "குளிரா இருக்கும். அதான் நெருப்பு எரியுது."

நான் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சொற்களை மட்டும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். அழுகிறார். அழுகிறார் போல. அழுதிருப்பார். இருக்கலாம். இருக்கும். நீங்கள் எல்லாரும் ஒரே மனிதரைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்று பாருங்கள் என்றேன். எது கண்ணால் கண்டது, எது ஊகம், எது ஊகத்திலும் பலமானது என்று அவர்களே வரிசைப்படுத்தினார்கள். ஒரு பையன் "அழுதாராம்னு ஒண்ணு இருக்கே" என்றான். அது யாரோ சொல்லிக் கேட்டது. அதையும் எழுதினோம். அதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று அவர்களே முடிவுசெய்து, பக்கத்தில் கோடு போட்டுத் தனியாக வைத்தார்கள்.

ஒரு விகுதியில் இத்தனையும் சொல்லும் வசதி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. பார்த்தது, ஊகித்தது, கேள்விப்பட்டது மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான் தெளிவான யோசனையின் முதல் படி. அதை ஒரு தத்துவமாகக் கற்பிக்க முயன்றிருந்தால் எட்டு வயதுக் குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். ஒரு தாத்தா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே விவாதித்தார்கள்.

பேசாத குழந்தைகள் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன் முதல் நான்கு மாதம் படத்தின் முன் ஒரு சொல் பேசவில்லை. நான் அவனை வற்புறுத்தவில்லை. பேசாமல் இருப்பவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினேன். "உனக்குப் பிடிச்ச இடத்தை விரலால காட்டு" என்று மட்டும் சில நாள் சொல்வேன். காட்டுவான். அவன் காட்டிய இடத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். அதுவே அவனுக்கு ஒரு பங்கு.

ஒருநாள் வான்கோவின் படுக்கையறை ஓவியம். ஒரு கட்டில், நாற்காலிகள், மேசை, சுவரில் படங்கள், ஜன்னல். ஆள் யாரும் இல்லை. 'இந்த அறையில் இருப்பவர் எப்படிப்பட்டவர்?' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுத்தமானவர், ஏழை, தனியாக இருப்பவர் என்று போயிற்று. தனியாக இருப்பவர் என்றதும் அந்தப் பையன் கை தூக்கினான். நான் பத்து எண்ணினேன். இருபதும் எண்ணினேன். 

"ரெண்டு நாற்காலி இருக்கு" என்றான். பிறகு, "தலகாணியும் ரெண்டு. யாரோ வருவாங்கன்னு வெச்சிருக்கார்."

வான்கோ அந்த ஓவியத்தை வரைந்தது 1888 அக்டோபரில். அப்போது தன் நண்பர் கோகன் வந்து தன்னோடு தங்குவார் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே கோகன் வந்து சேர்ந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. ஆனாலும் "சரியாச் சொல்லிட்டே" என்று சொல்லவில்லை. அந்த நாற்காலிக்கு அதுதான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓவியர் அந்தச் சமயத்தில் ஒரு நண்பருக்காகக் காத்திருந்தார் என்ற தகவலை மட்டும் கடைசியில் சொன்னேன். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரத்திலிருந்து அவன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையாவது பேசினான். அதிகம் இல்லை. ஆனால் அவன் கை தூக்கினால் மற்றவர்கள் தானாகவே அமைதியாவார்கள்.

பாராட்டு விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் நல்ல பதில் வந்தால் "சூப்பர்!", "அதேதான்!" என்பேன். உற்சாகப்படுத்துவதாக எண்ணம். நடந்ததோ வேறு. "அதேதான்" என்று சொன்ன அந்த நொடியில் பேச்சு முடிந்துவிடும். டீச்சர் மனதில் இருந்த பதில் கிடைத்துவிட்டது, இனி எதற்குத் தேட வேண்டும்? இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையசைப்பு, எல்லாருக்கும் திருப்பிச் சொல்லல், அவ்வளவுதான். ஒரு குழந்தை படத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாலும் அதே கேள்வி: எதைப் பார்த்தப்போ தோணிச்சு? பாதி நேரம் அது படத்தில் இருக்கும், நான்தான் பார்த்திருக்க மாட்டேன். மீதி நேரம் குழந்தை தேடிப் பார்த்துவிட்டு "இல்ல, நான் நினைச்சேன்" என்று தானே மாற்றிக்கொள்ளும். எண்ணத்தை மாற்றிக்கொள்வதைத் தோல்வியாக நினைக்காத குழந்தைகளை நான் இந்த அரை மணி நேரத்தில்தான் அதிகம் பார்க்கிறேன்.

படத் தேர்வு. மனிதர்களோ விலங்குகளோ இருக்க வேண்டும், ஏதோ நடக்க வேண்டும், முழுதும் விளங்கிவிடக் கூடாது. இவ்வளவுதான் என் அளவுகோல். வெறும் நிறமும் கோடுமான படங்களை முதல் வருடம் தொடாதீர்கள். நான் தொட்டேன். "என்ன நடக்குது?" என்ற கேள்விக்கு அங்கே பிடிமானமே இல்லாமல் குழந்தைகள் தவித்தார்கள். பழகிய பிறகு அதே குழந்தைகள் அந்தப் படங்களையும் ரசித்துப் பேசினார்கள். மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாமின் ரிஜ்க்ஸ் போன்ற அருங்காட்சியகங்கள் பழைய ஓவியங்களின் பெரிய, தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. அச்செடுத்தாலும் சரி, சுவரில் ஒளிபரப்பினாலும் சரி, கடைசி வரிசைக் குழந்தைக்கும் முகபாவம் தெரிய வேண்டும். கைப்பேசித் திரையில் பத்துப் பேரை வைத்து இதைச் செய்ய முடியாது.

பிரூகல் 1560இல் வரைந்த குழந்தை விளையாட்டுகள் ஓவியம் இருக்கிறதே, இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள், எண்பது விளையாட்டுகள் போல. பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், பொய்க்காலில் நடக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அப்படியே காட்டினால் மறுபடி பட்டியல் தொடங்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் உள்ளங்கை அளவு ஓட்டை வெட்டி, அதை ஜன்னல் மாதிரிப் படத்தின் மேல் வைத்து, ஓர் இடத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். இருவருக்கு ஒரு ஜன்னல். அந்தச் சின்ன இடத்தில் என்ன நடக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். படத்தைக் காட்டாமலே சொல்ல வேண்டும், கேட்பவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது ஓரம், அதற்கும் கீழே, சுவருக்கு முன்னால், இரண்டாவதாக நிற்பவனுக்குப் பின்னால் என்று இடம் சுட்டும் சொற்கள் எல்லாம் தேவையினாலேயே வந்துவிடும். இந்தப் படத்தில் ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை: "எல்லாரும் விளையாடுறாங்க, ஆனா ஏன் யார் முகத்துலயும் சிரிப்பு இல்ல?"

"கடைசியில் எது சரி என்று சொல்ல வேண்டாமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைச் சொல்வேன். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மெலிந்த மனிதர், எதிரே சிவன், பாறையின் நடுவில் ஒரு பிளவு, அதில் நாகர்கள், பக்கத்தில் யானைகள். அர்ச்சுனன் தபசு என்பார்கள் சிலர். பகீரதன் தவம், கங்கை இறங்கி வரும் காட்சி என்பார்கள் சிலர். பல்லவர் செதுக்கிய அந்தப் பாறையைப் பற்றி அறிஞர்களே இன்னும் இரண்டு பெயர் வைத்துப் பேசுகிறார்கள், இருவரிடமும் சான்று இருக்கிறது. என் குழந்தைகளிடம் புகைப்படத்தைக் காட்டியபோது, பிளவையும் நாகர்களையும் காட்டி "இது தண்ணி வர்ற வழி" என்றாள் ஒருத்தி. கீழே பின்னங்காலில் நின்று கைதூக்கித் தவம் செய்யும் பூனையையும் சுற்றியிருக்கும் எலிகளையும் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் அர்ச்சுனனையும் பகீரதனையும் யாரும் சீண்டவில்லை. பூனை நிஜமாகவே திருந்திவிட்டதா, எலிகளை ஏமாற்றுகிறதா என்பதே அன்றைய விவாதம்.

எழுதுவதைப் பேச்சுக்கு அப்புறமே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உடனே வேண்டாம். குழந்தை இன்று பிறரோடு சேர்ந்து செய்வதை நாளை தனியாகச் செய்யும் என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. நான் மறுநாள் அதே படத்தை மாட்டி, பேசாமல், ஐந்து வரி எழுதச் சொல்வேன். முந்தின நாள் காற்றில் இருந்த 'ஏனென்றால்', 'ஆனால்', 'ஒருவேளை' எல்லாம் தாளில் இறங்கியிருக்கும். எழுத்துப்பிழைகளை அந்த நோட்டில் நான் திருத்துவதில்லை.

வீட்டில் ஒரே குழந்தையோடு செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருவரில் ஒருவராக நீங்களும் பேசலாம், பேசவும் வேண்டும். "எனக்கு இந்த அம்மா யாரையோ தேடுற மாதிரி இருக்கு, கை கதவு மேல இருக்கே" என்று உங்கள் ஊகத்தையும் சான்றோடு வையுங்கள். குழந்தை மறுக்கட்டும். பத்து நிமிடம் போதும். அது எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். குழந்தை தானே வரைந்த படத்தைக் கொண்டுவந்தால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். நமக்குப் புரியவில்லை என்பது அதற்குத் தெரிந்துவிடும். "இதுல என்ன நடக்குதுன்னு சொல்லு" என்றால் கதையே வரும்.

போன மாதம் வகுப்பில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மண் ஜாடி உடைந்துவிட்டது. நான் உள்ளே வரும்போது ஒரு பையனைச் சுற்றி நாலைந்து பேர். "அவன்தான் உடைச்சான் டீச்சர்!" என்று கத்தினாள் ஒருத்தி. நான் வாயைத் திறப்பதற்குள், படுக்கையறையில் இரண்டு நாற்காலியைப் பார்த்த அந்தப் பையன் அவளிடம் கேட்டான்:

"உடைச்சானா, உடைச்சிருப்பானா?"

அவள் நின்றாள். ஜாடித் துண்டுகளைப் பார்த்தாள், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் வர்றப்போ அவன் பக்கத்துல நின்னான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உடைச்சிருக்கலாம்" என்றாள்.